ஊறிய மட்டைகள்

தோற்று ஆறு நாள்.
ஏழாம் நாளுக்குள் கம்பங்கள் வெறுமையாக வேண்டும்,
நகரசபைக் கடிதம் அப்படித்தான் சொல்கிறது.
கட்ட வந்தவர்கள் பதினொரு பேர்.
கழற்ற வந்தவள் நான்,
ஓர் ஏணி, ஒரு குறடு,
முதியோர் இல்லச் சமையலறையில் இரவல் வாங்கிய
காய்கறித் தள்ளுவண்டி.

ஹாகன் நகரத்துப் பெப்ரவரி மழைக்குக்
கட்சி தெரியாது.
எங்கள் வேட்பாளரின் முன்பல்லில் மட்டை கொப்புளித்திருந்தது.
வென்றவருக்கு இடது காது உரிந்து
கன்னத்தில் தொங்கியது.
சிவப்பு விளக்கில் நின்ற தயாபரன்
கார்க் கண்ணாடியை இறக்கினான்:
"என்னக்கா, எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டையள்.
இதுக்குப் போய் லீவு எடுத்தனீங்களோ?"
பச்சை விழுந்தது. போய்விட்டான்.

ஏணியின் நான்காம் படியில் நின்றபடி
பதில் தேடினேன்.
நல்ல பதில்கள் எல்லாம்
பச்சை விழுந்த பிறகுதான் வருகின்றன.

உண்மையைச் சொன்னால்
முதல் மூன்று நாள் நானும் அவன் பக்கம்தான்.
இரவு இரண்டு மணிக்குக் கைபேசி.
யார் யாரோடு கூட்டு, யார் யாரைக் கைவிட்டார்,
நிபுணர்கள், நிபுணர்களைத் திட்டும் நிபுணர்கள்.
விடிய எழும்பினால்
நாக்கில் பழைய எண்ணெய்க் கசப்பு.
எல்லாம் தெரிந்துவிட்டது போலவும்
இனி ஒன்றும் செய்யத் தேவையில்லை போலவும்
உள்ளே ஒரு சுகம்.
அந்தச் சுகத்துக்குத்தான் பயந்தேன்.

நான்காம் நாள்
நாட்காட்டியில் ஒரேயொரு விடயத்தைக் குறித்தேன்:
இரவுப்பணியில் நாற்பது முதியவர்களுக்கு எத்தனை தாதி?
அது பேர்லினில் எந்தக் குழுவுக்குப் போகும்,
எந்த மாதம், யார் தலைவர்.
வெள்ளிக்கிழமைகளில் இருபது நிமிடம்,
தேநீர் ஆறும்வரை மட்டும்.
மிச்ச நாடு எக்கேடும் கெடட்டும் என்றல்ல.
முழுச் சேலையையும் இரண்டு கையால் அள்ளப் பார்த்து
மூன்று இரவு தடுக்கி விழுந்தவள் நான்.
இப்போது தலைப்பை மட்டும் பிடித்திருக்கிறேன்.

வங்கிக்கு முன்னால், அடுத்த கம்பத்தில்,
வென்ற கட்சியின் டெட்லெஃப்.
குறட்டை மறந்து வந்து
பிளாஸ்டிக் கட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.
வென்றவர்களுக்கும் ஆள் வரவில்லை.
குறட்டைக் கொடுத்தேன்.
கொடுத்த கையோடு கேட்டேன்:
"இரவுத் தாதிகள் பற்றி உங்கள் அறிக்கையில் இருந்ததே?"
"நாற்பத்தொன்றாம் பக்கம்" என்றார் உடனே.
பக்கம் தெரிந்த மனிதர்!
"நடக்குமா?"
தன் தலைவரின் தொங்கும் காதை
மழையில் கண் சுருக்கி அண்ணாந்து பார்த்தார்.
"தெரியாது."

அந்த ஒரு சொல்லுக்காக
அவர் ஏணியை நான் பிடித்தேன்,
மூன்று கம்பங்களுக்கு.
நான்காவதில் அவர் என் ஏணியைப் பிடித்தார்,
என் வேட்பாளரைப் பற்றி
கொஞ்சம் கூடுதலாகவே பகிடி விட்டபடி.

வண்டியில் அடுக்கும்போதுதான் பதில் வந்தது.
தயாபரா,
மட்டையை ஏன் குட்டையில் போடுவார்கள்?
அழுகட்டும் என்றா?
காய்ந்தது முறியும். ஊறினால்தான் வளையும்,
வளைந்தால்தான் பின்னலாம்.
போட்டவர்களைத் திட்டிவிட்டு
பின்னப் போகாமல் காரில் போனது யார்?

இதை இனி எந்த விளக்கடியில் வைத்துச் சொல்வது.
சொன்னாலும் சிரிப்பான்:
"நாத்தத்துக்கு என்னக்கா செய்யிறது?"
அதுவும் நியாயம். நாற்றம் இருக்கத்தான் செய்கிறது,
என் கையிலேயே இருந்தது,
இரண்டு முறை சவர்க்காரம் போட்டும்.

திங்கட்கிழமை சலவை இயந்திரம் கடகடத்தது.
வடிகட்டியில்
மேலங்கிப் பையிலிருந்து விழுந்த கட்டுத் துண்டுகள்,
கறுப்பு, பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை.
குழுவின் பெயர்ப்பட்டியல் இன்னும் வரவில்லை.
தேநீர் ஆறிவிட்டது.
அடுத்த வெள்ளியின் கட்டத்துக்குள்
பேனையால் ஒரு புள்ளி வைத்துவிட்டு
இரவுப்பணிக்குக் கிளம்புகிறேன்.
இன்றும் இரண்டே பேர்தான்.